ஞாயிற்றுக்கிழமைக் குளியல்

கதவு முழுசாகச் சாத்தவில்லை என்பதைப் பாண்டிச்செல்வி நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் பார்த்தாள். ஒரு விரல் நுழைகிற இடுக்கு. எழுந்துபோய்ச் சாத்தலாமென்றால் கதவுப் பக்கம் உனக்கென்ன வேலை என்பார்கள், சாத்தாமல் விட்டால் ஒட்டுக்கேட்டாள் என்பார்கள், கிடக்குது கழுதை என்று கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தாள். நேரே பார்த்தால் சுவர். சுவரையே பார்த்துக்கொண்டிருந்தால் அதுவும் ஒரு கோளாறு என்று எழுதிவிடுவார்களோ? இந்த இடத்தில் எதைத்தான் எழுதமாட்டார்கள்! மதுரையில், யாரோ குடியிருந்த மாடிவீட்டைப் பலகை வைத்துத் தடுத்து ஆபீஸ் ஆக்கியிருக்கிறார்கள். உள்ளறையில் அவள் மகள் நிவா இருக்கிறாள், இரண்டாம் வகுப்பு. நிவாவின் அப்பா ரகுபதி இருக்கிறான். அப்பாவும் மகளும் எப்படிப் பேசுகிறார்கள், எப்படி விளையாடுகிறார்கள் என்று பார்த்துக் குறித்துக்கொள்ள பியூலா மேடம் இருக்கிறார், மனநல நிபுணர், கோர்ட்டே பார்த்து நியமித்தது. விவாகரத்து எப்படியும் ஆகிவிடும், அதில் இரண்டு பேருக்கும் பேச்சே இல்லை. பிள்ளை யாரிடம் என்பதில்தான் இத்தனை இழுபறி. மூன்று பேரையும் மேடம் பார்த்து ஓர் அறிக்கை கொடுக்கட்டும், பிறகு சொல்கிறேன் என்று ஜட்ஜ் சொல்லிவிட்டார். அறிக்கை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம்தான் நிவா. பாண்டிச்செல்வி லேபில் ரத்தம் எடுக்கிறவள். ஊசியைப் பார்த்து அலறுகிற பிள்ளைகளை எறும்பு கடிக்கிற மாதிரிதான்டா என்று ஏமாற்றி எடுக்கிறவள். எடுத்த ரத்தம் மெஷினுக்கு உள்ளே போய்விட்டால் அப்புறம் யார் கெஞ்சினாலும் ரிசல்ட் மாறாது என்று தெரிந்தவள். இப்போது அவளே உள்ளே போய்விட்ட மாதிரி இருந்தது, காலையில் குடித்த காப்பி தொண்டைக்கும் நெஞ்சுக்கும் நடுவிலே நின்றுகொண்டிருந்தது.

போன வாரம் அவளை மட்டும் கூப்பிட்டு ஒரு கத்தைக் கேள்வியைக் கையில் கொடுத்தார்கள். ஆமாம் அல்லது இல்லை, வேறெதுவும் எழுதக்கூடாது. எனக்குச் சில நேரம் யாரையாவது அடிக்கலாம் போலத் தோன்றும். ஆமாம் என்றால் கோபக்காரி. இல்லை என்றால் பொய்க்காரி. அட, தாயாகப் பிறந்தவளில் எவளுக்குத் தோன்றாது, ஸ்கூல் வேன் வந்து ஆரன் அடிக்கிறபோது ஒற்றை ஷூவைக் காணோம் என்று ஒரு பிள்ளை வந்து நின்றால்? ஆமாம் என்று போட்டு, அடித்து, இல்லை என்று போட்டாள். அடித்ததையும் பார்ப்பார்களே என்ற நினைப்பு வந்தது வீட்டுக்குப் போன பிறகு. அப்புறம் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, ஒரு வீடு வரைங்க செல்வி, என்றார் மேடம். வரைந்தாள். கூரை போட்டாள், ஜன்னல் போட்டாள், கம்பிகூடப் போட்டாள், பக்கத்தில் ஒரு தென்னைமரம். நல்லாத்தான் வந்திருந்தது. ராத்திரி சோற்றில் கையை வைத்தபோது சுரீரென்றது, கதவு போட்டேனா? போட்ட மாதிரியும் இருந்தது, போடாத மாதிரியும் இருந்தது. கதவில்லாத வீட்டை வரைகிறவள் யாரையும் உள்ளே விடமாட்டாள் என்று அர்த்தமாம், இல்லை, வெளியே விடமாட்டாள் என்று அர்த்தமாம், இவளாகவே சொல்லிக்கொண்டாள், எங்கேயும் படித்ததில்லை. அதிலிருந்து வீடு என்று எதைப் பார்த்தாலும் முதலில் கதவைத்தான் பார்க்கிறாள். இன்றைக்குப் பஸ்ஸில் வரும்போதுகூட நிவா கையைப் பிடித்து உலுக்கி, எங்கம்மா பாக்குற, என்றாள். ஒண்ணுமில்லடி, சும்மா. பிள்ளையின் இரட்டைச் சடையில் ஒரு ரிப்பன் நழுவியிருந்தது, அவிழ்த்து இழுத்துக் கட்டினாள், ரொம்ப இழுத்துவிட்டாளோ, நெற்றி வலிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாளே, அந்த முகத்தோடு உள்ளே போயிருக்கிறாளே.

ஆனால் ஒரு விஷயத்தில் அவளை யாரும் அசைக்க முடியாது. அதை நினைத்தால்தான் மூச்சு ஒழுங்காக வருகிறது, அதனால் அதையே திரும்பத் திரும்ப நினைத்தாள். ரகுபதி தன் மனுவில் என்ன எழுதியிருக்கிறான்? தாய் குழந்தையின் மனசைக் கெடுக்கிறாள், தகப்பனுக்கு எதிராகத் திருப்புகிறாள், ஆகவே குழந்தை தகப்பனோடும் அவன் தாயாரோடும் வளர வேண்டும். படித்துக் காட்டிய அன்றைக்கு வக்கீல் ஆபீசிலேயே அழுதுவிட்டாள். ஒரு வார்த்தை! ஒரு வார்த்தை அவனைப் பற்றித் தப்பாகப் பிள்ளையிடம் சொல்லியிருப்பாளா? மருந்துக் கம்பெனி லைனுக்குப் போறேன் என்று சொல்லிவிட்டுத் திண்டுக்கல்லில் இன்னொருத்தியோடு குடித்தனம் பண்ணினவன். அது வெளியே வந்து, பாண்டிச்செல்வி அழுது, இவன் கும்பிட்டு, அந்தத் திண்டுக்கல்காரியும் இவனை விட்டுப் போய், எல்லாம் ஆயிற்று. அதில் ஒரு துளி நிவாவின் காதில் விழவில்லை. உடன்பிறந்த தங்கச்சியோடு போனில் பேசுவதென்றால்கூட மொட்டைமாடிக்குப் போய்த்தான் பேசுவாள். எதிர்வீட்டில் ஒருத்தி, தன் பிள்ளைக்கு, அப்பன் வந்தா மூஞ்சியக் குடுக்காத என்று பாடம் நடத்தினதைப் பார்த்து, சீ, இவளெல்லாம் ஒரு தாயா என்று நினைத்தவள் அவள். ஒரு தடவை நிவாவே கேட்டாள், அப்பா கெட்டவங்களாம்மா? அடுப்பில் தோசை. அப்பா அப்பாதான்டி, போய்க் கையக் கழுவு, என்றாள். வக்கீல் சந்தானம் இதைக் கேட்டதும் மேசையைத் தட்டினார், இத அப்படியே மேடத்துட்டச் சொல்லுங்கம்மா, இது போதும். சொன்னாள். பஸ்ஸில் வரும்போதே மனசுக்குள் சொல்லிப் பார்த்துச் சொல்லிப் பார்த்து, கடைசியில் சொல்லும்போது யாரோ சொன்னதை ஒப்பிக்கிற மாதிரி வந்தது. பரவாயில்லை. உண்மைதானே.

அப்போதுதான் உள்ளே நிவா சிரித்தாள். சும்மா சிரிப்பு இல்லை. முதலில் மூக்கால் ஒரு குறட்டை மாதிரி வரும், அடக்கப் பார்ப்பாள், முடியாமல் உடைந்து, அப்புறம் மூச்சு வாங்கி மூச்சு வாங்கி, எச்சில் ஒழுகுகிறதுகூடத் தெரியாமல் சிரிப்பாள், அந்தச் சிரிப்பு. இடுக்கு வழியாக அப்படியே ஹாலுக்கு வந்தது. வரவேற்பு மேசையில் இருந்த பெண்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்துத் தானும் சிரித்துக்கொண்டாள். பாண்டிச்செல்விக்கு வயிறு எரிந்தது. ஆமாம், எரிந்தது, இதில் மறைக்க என்ன இருக்கிறது. என்னத்தைச் சொல்லிச் சிரிக்க வைத்தான்? கழுதை மாதிரி கத்திக் காட்டுவானே, அதுவா? தன்னிடம் கடைசியாக இப்படி எப்போது சிரித்தாள் என்று தேடினாள். பொங்கலுக்கு? இல்லை, அப்போது காய்ச்சல். ஸ்கூல் லீவில்? லீவில் டியூஷன். ஆறு நாளும் பல்லு விளக்கு, பாலைக் குடி, வீட்டுப்பாடத்த எடு என்று தொண்டைத்தண்ணி வற்றக் கத்துகிறவள் இவள். ஏழாவது நாள் ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிக்கொண்டு போய்ப் பஞ்சுமிட்டாய் வாங்கிக் கொடுக்கிறவன் அவன். பஞ்சுமிட்டாய்க்குச் சிரிப்பு வராமல் என்ன செய்யும், வாய்ப்பாட்டுக்கா வரும்? இதை யாரிடம் போய்ச் சொல்ல? தகப்பனோடு குழந்தை மிகவும் மகிழ்ச்சியாக இருக்கிறது. எழுதியாயிற்று. இந்நேரம் எழுதியிருப்பார். அழுதிருக்கக் கூடாதா பாவி மகள், ஒரே ஒரு தடவை, அம்மாட்டப் போகணும் என்று சிணுங்கியிருக்கக் கூடாதா? இதை நினைத்த மாத்திரத்தில் பக்கென்றது. பெத்த பிள்ளை அழட்டும் என்று எவளாவது நினைப்பாளா? நினைத்தாள். நினைத்துவிட்டு, நினைக்கவில்லை என்றும் சொல்லிக்கொண்டாள். உள்ளே சிரிப்பு நின்றது. அடங்கவில்லை, சடக்கென்று நின்றது, யாரோ வாயைப் பொத்தின மாதிரி. கதவு திறந்தது. நிவா வெளியே வந்து, அம்மா, ஒண்ணுக்கு, என்றாள். அவளுக்குப் பின்னால் பியூலா மேடம், கூட்டிட்டுப் போய்ட்டு வாங்க, ஒண்ணும் அவசரமில்ல, என்றார்.

கழிப்பறை நடையின் கோடியில் இருந்தது. நிவாவுக்கு ஒண்ணுக்கும் வரவில்லை ஒன்றும் வரவில்லை. உள்ளே போனதும் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"அம்மா, சத்தமாச் சிரிச்சுட்டேன். உனக்குக் கேட்டுருச்சா?"

"கேக்கலையே. ஏன்டி?"

"சத்தியமா?"

"சத்தியமா."

பிள்ளை ஒரு பெருமூச்சு விட்டது. பெரிய மனுஷி விடுகிற மூச்சு. பிறகு சடையின் நுனியைப் பிடித்துத் திருகிக்கொண்டே, "இன்னிக்கும் வீட்டுக்குப் போனதும் தலைக்கு ஊத்தணுமாம்மா?" என்றாள்.

"எதுக்கு?"

"நான் அப்பாவத் தொடலம்மா. தள்ளித்தான் உக்காந்தேன். அப்பா மடியில உக்காரச் சொன்னாங்க, நான் வேணாம்னுட்டேன். சிரிச்சேன், அவ்வளவுதான். சிரிச்சா ஊத்தணுமா?"

பாண்டிச்செல்வி குழாயைத் திறந்தாள். எதற்குத் திறந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை, கை போய்த் திறந்தது. தண்ணீர் விழுகிற சத்தத்துக்குள் நின்றுகொண்டு அவள் சொன்னது இதுதான்: "இத உள்ள போய் மேடத்துட்டச் சொல்லாத, என்ன?"

"சொல்ல மாட்டேன்," என்றாள் நிவா. உடனே சொன்னாள், இதெல்லாம் பழகினவள் மாதிரி. நடையில் ஓடிப்போய் உள்ளே நுழைந்து, கதவை இந்தத் தடவை ஒழுங்காக இழுத்துச் சாத்தினாள். சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை தள்ளிப் பார்த்தது வெளியே தெரிந்தது.

திரும்ப அதே நாற்காலி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அவன் தெருமுனையில் இறக்கிவிட்டுப் போவான். நிவா ஓடி வருவாள். முதல் ஞாயிற்றுக்கிழமை ஓடி வந்து கட்டிக்கொண்டபோது பிள்ளையின் தலைமுடியில் அவனுடைய சென்ட் வாசனை. அந்த வாசனையோடு இவள் எத்தனை ராத்திரி படுத்திருப்பாள், திண்டுக்கல்லிலிருந்து அதே வாசனையோடுதானே வருவான். வா, வெயில்ல சுத்திருக்க, ஒரே தூசி என்று பின்கட்டுக் குழாயடிக்குக் கூட்டிப் போய்த் தலைக்கு ஊற்றினாள். சீயக்காய் போட்டாள், போகவில்லை, இன்னொரு தடவை போட்டாள். அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. வாசலில் செருப்பை விடும்போதே, உள்ள வராத, அப்படியே சுத்திப் பின்னால வா. உடுத்தின உடுப்பைத் தனி வாளியில் ஊற வை. ஊற்றி, துவட்டி, வேறு உடுப்புப் போட்டுவிட்ட பிறகுதான் மடியில் தூக்கி வைத்துக் கொஞ்சுவாள். தூசிதானே, யாருக்குத்தான் தூசி ஆகும், பிள்ளை சுத்தமாக இருக்கட்டும் என்றுதான் செய்தாள், அப்படித்தான் நினைத்தாள், அப்படித்தானா? ஸ்கூலிலிருந்து புழுதியில் புரண்டு வருகிறாளே, அன்றைக்கெல்லாம் கைகால் கழுவினால் போதும். கோயிலுக்குப் போய்க் கூட்டத்தில் நசுங்கி வந்தால்கூடப் போதும். கீழ்வீட்டுப் பெரியவர் செத்தபோது இவள் கேதத்துக்குப் போய்விட்டு வந்தாளே, அப்போது நிவா அம்மா என்று ஓடி வந்தாளே, கிட்ட வராதடி, தொடாத, கேத வீட்டுக்குப் போய்ட்டு வந்துருக்கேன், தலைக்கு ஊத்திட்டு வந்துர்றேன் என்று பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனாளே. நிவா படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அதே குழாய். அதே வாளி. ஏம்மா தொடக்கூடாது என்று கேட்டதற்குப் பதில்கூடச் சொன்னாள், செத்தவங்க தீட்டுடி, ஊத்துனாப் போயிரும். பிள்ளை வேறு ஒன்றும் கேட்கவில்லை. ஐயோ, கேட்காமல்தானே எல்லாவற்றையும் கற்றுக்கொண்டிருக்கிறது.

அவன் எனக்குச் செத்துட்டான்டி என்று தங்கச்சியிடம் மொட்டைமாடியில் நின்று சொன்னது உண்டு. தனக்குச் செத்தவனைப் பிள்ளைக்கும் சாகடித்து வாராவாரம் முழுக்குப் போட்டிருக்கிறாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று பீற்றிக்கொண்டதென்ன! முதல் வார்த்தையும் சொல்லியாயிற்று, சற்று முன்னால், கழிப்பறையில் நின்றுகொண்டு. சொல்லாத. சரி, இப்போது என்ன செய்ய? இனிமேல் ஊற்றாமல் விட்டுவிடலாம். வருகிற ஞாயிற்றுக்கிழமையே விட்டுவிடலாம். சின்னப் பிள்ளை, மறந்துவிடும். யாருக்கும் தெரியவேண்டியதில்லை, ஒரு வாளித் தண்ணீர், இதையெல்லாம் கோர்ட்டில் போய்ச் சொல்லுவார்களா? சொன்னால் அவன் மனுவில் எழுதினது அப்படியே நிஜம் என்று ஆகிவிடும், மேடம் எழுதுவார், ஜட்ஜ் படிப்பார், நிவா அவன் வீட்டுக்குப் போவாள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் தெருமுனையில் நிற்கிறவள் இவளாவாள். அவன் அம்மாவுக்குச் சடை பின்னவே தெரியாது. நிவாவுக்கு ராத்திரியில் பக்கத்தில் ஆள் இருந்தால்தான் தூக்கம் வரும். முடியாது. சொல்ல முடியாது. ஒருவேளை நிவாவே இந்நேரம் சொல்லிவிட்டாளோ? சொல்லியிருக்கமாட்டாள், சொல்லாதே என்றால் சொல்லமாட்டாள், அப்படி வளர்த்திருக்கிறாள். அதை நினைத்ததும் கதவுப் பக்கம் திரும்பினாள். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். சிரிப்பு இல்லை. கதவு சாத்தியிருக்கிறது, அதனால் கேட்கவில்லையோ? இல்லை, சிரிக்கவே இல்லையோ? சிரிடி, ஒரு தடவை சிரித்துத் தொலையேன், என்று வாய்க்குள்ளேயே சொன்னாள். மின்விசிறி மட்டும்தான் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

கதவு திறந்து ரகுபதி வந்தான். கண் சிவந்திருந்தது. இவளைக் கடந்து போகப் பார்த்து, நின்று, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அவளுக்கு சளி விடவே மாட்டேங்குது. நெஞ்சுல கர்ருகர்ருங்குது. ஏதும் மருந்து குடுக்குறியா?" குத்தலாகச் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. "குடுக்குறேன்," என்றாள். அவன் படியிறங்கிப் போனான். வெளியே வந்த நிவாவுக்கு வரவேற்புப் பெண் கலர்பென்சில் எடுத்துக் கொடுத்தாள். பியூலா மேடம் வாங்க செல்வி என்று கூப்பிட்டார், கால் தானாக நடந்தது. மேடம் கேட்கக் கேட்கப் பதில் சொன்னாள். காலையில் யார் எழுப்புவது, நீங்கள் லேபில் இருக்கும்போது யார் பார்த்துக்கொள்வது, குழந்தை எதற்கு அடம் பிடிப்பாள், எப்படிச் சமாளிப்பீர்கள். எல்லாவற்றுக்கும் சரியான பதில் வந்தது. வக்கீல் பார்த்திருந்தால் கை தட்டியிருப்பார். பதில் சொல்லச் சொல்ல, ஜெயித்துவிடுவேன் போலிருக்கிறதே என்று உள்ளே ஒரு குரல், அந்தக் குரலைக் கேட்கவே பயமாக இருந்தது.

"அவ்வளவுதான் செல்வி. நீங்களா ஏதாவது சொல்லணும்னு நெனக்கிறீங்களா?"

"இல்ல மேடம்." எழுந்தாள். கைப்பையை எடுத்தாள். உட்கார்ந்துவிட்டாள். "மேடம், ஞாயித்துக்கிழமை அவ அப்பாகூடப் போய்ட்டு வந்தான்னா, நான் தலைக்கு ஊத்தி விடுவேன்."

மேடம் சிரித்தார். "நல்ல பழக்கந்தானே. வெளிய சுத்திட்டு வர்ற பிள்ளைங்கள இப்பல்லாம் யாரு இவ்வளவு பாக்குறாங்க," என்று சொல்லிக்கொண்டே குனிந்து எழுத ஆரம்பித்தார். பேனா போகிற போக்கைப் பாண்டிச்செல்வி பார்த்தாள். நல்லதாகத்தான் எழுதுகிறார். தாய் சுத்தத்தில் அக்கறை உள்ளவர், குழந்தையை நன்றாகப் பராமரிக்கிறார், இந்த மாதிரி. சொல்லியும் ஆயிற்று, சாமிக்கும் பொதுவாயிற்று, அவர் புரிந்துகொண்டது அவர்பாடு. எழுந்து போக வேண்டியதுதான் பாக்கி. போனால் இன்றைக்கே போய்ப் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்ளலாம். காலம் பூராவும் வைத்துக்கொள்ளலாம்.

"அத எழுதாதீங்க மேடம்."

மேடம் நிமிர்ந்தார்.

"வாசப்படி ஏற விடமாட்டேன். பின்பக்கமாச் சுத்தி வரச் சொல்லி, குழாயடியில நிக்க வச்சு ஊத்துவேன். ஊத்துற வரைக்கும் தொட மாட்டேன். கேத வீட்டுக்குப் போய்ட்டு வந்தா ஊத்துவோம்ல மேடம், அது மாதிரி." மேடம் குறுக்கே கேட்பதற்குள் மேலே சொன்னாள். "அவளுக்கு அது தெரிஞ்சிருக்கு. அதான் அவங்க அப்பா மடியில உக்காரல. என்னட்ட வந்து, சிரிச்சா ஊத்தணுமான்னு கேக்குறா. மேடத்துட்டச் சொல்லாதன்னு நான்தான் சொன்னேன். அவ சொல்லலல்ல?"

"சொல்லல," என்றார் மேடம். பிறகு எழுதியதன் மேல் ஒரு கோடு போட்டுவிட்டு, மெதுவாகக் கேட்டார். "செல்வி, இத நான் எழுதியாகணும். ஜட்ஜ் படிப்பாங்க. உங்களுக்குப் புரியுதுல்ல?"

பாண்டிச்செல்வி கைப்பையைக் கீழே இறக்கி வைத்தாள்.

"எழுதுங்க மேடம்," என்றாள்.